அடி மாறாத தோட்டா

1888-இல் ஜெர்மன் படைக்காக ஓர் ஆணையம் புதிய ரைஃபிளையும் அதற்கொரு தோட்டாவையும் வடிவமைத்தது. அந்தத் தோட்டாவின் பித்தளை உறைக்கு அடிவிட்டம் ஏறத்தாழ 12 மில்லிமீட்டர். சில ஆண்டுகள் கழித்து மௌசர் தொழிற்சாலை 7×57 என்ற தோட்டாவை வெளியிட்டது. அதன் அடியும் அதே அளவு. 1906-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட .30-06, 1952-இல் வின்செஸ்டர் சந்தைக்குக் கொண்டுவந்த .308, 2007-இல் ஹார்னடி நிறுவனம் அறிமுகப்படுத்திய 6.5 கிரீட்மூர் என்று வரிசையாக எடுத்து அளந்து பார்த்தால் எல்லாவற்றுக்கும் அடி ஒன்றுதான்: 0.473 அங்குலம், அதாவது 12 மில்லிமீட்டர். இந்த 120 ஆண்டுகளில் குண்டின் வடிவம் மாறியது, வெடிமருந்தின் வேதியியல் மாறியது, இரும்புப் பார்வைக்குறி போய்த் தொலைநோக்கி வந்தது. அடி மட்டும் அசையவில்லை.

காரணம் எளியது. ரைஃபிளின் போல்ட், தோட்டாவைப் பிடிப்பது அந்த அடியின் விளிம்பில்தான். அடியின் அளவை மாற்றினால் போல்ட்டின் முகத்தை மாற்ற வேண்டும், தோட்டாவை வெளியே இழுக்கும் கொக்கியை மாற்ற வேண்டும், மேகசினின் வாயையும் திருத்த வேண்டும். அடிக்கு மேலே இருப்பவற்றை, அதாவது உறையின் உடல், தோள், கழுத்து ஆகியவற்றை, மாற்றுவதற்கு வேறு குழலும் அந்தக் குழலில் அறை குடையும் ரீமரும் போதும். சிறிய லேத் பட்டறை வைத்திருப்பவருக்குக்கூட இது எட்டக்கூடிய வேலை. அமெரிக்காவில் 'வைல்ட்கேட்' என்று வழங்கும் சோதனைத் தோட்டாக்களின் உலகம் முழுக்க இந்த இடைவெளியில்தான் பிறந்தது.

வைல்ட்கேட் தோட்டா கடையில் கிடைக்காது. எந்தப் பெரிய நிறுவனமும் அதைத் தயாரிப்பதில்லை. அதற்கான ரைஃபிளையும் விற்பதில்லை. கடையில் கிடைக்கும் ஏதோ ஒரு தோட்டாவின் உறையைத் தாயாக எடுத்துக்கொண்டு, அதன் கழுத்தை அச்சில் அழுத்திச் சிறிதாக்குவார்கள், அல்லது அகலமாக்குவார்கள். உடலின் சரிவைக் குறைத்துத் தோளைச் செங்குத்தாக்குவதும் உண்டு. அப்படிக் குடைந்த அறையில் பழைய உறையை வைத்துச் சுட்டால் வாயுவின் அழுத்தமே பித்தளையைப் புது அறையின் வடிவுக்கு ஊதிவிடும். .22-250 என்ற பெயரில் முதல் எண் குண்டின் விட்டத்தையும் இரண்டாவது எண் தாய் உறையையும் குறிக்கின்றன.

இந்த வரலாற்றை வேகத்தின் வரலாறாகச் சொல்வதுதான் வழக்கம்: ஒருவர் விநாடிக்கு 3,000 அடியைத் தொட்டார், அடுத்தவர் 4,000-ஐத் தொட்டார் என்று. நான் படித்தவரையில் அது அரைகுறைச் சித்திரம். தனிமனிதர்களால் பித்தளையை எந்த வடிவுக்கும் கொண்டுவர முடிந்தது. ஆனால் மெதுவாக எரியும் மருந்தை அவர்களால் தயாரிக்க முடியவில்லை. அறைக்குள் எழும் அழுத்தத்தை அளக்கவும் வழியில்லை. பலருக்குக் குண்டின் வேகத்தை அளக்கும் கருவிகூட இல்லை. எந்த வைல்ட்கேட் பிழைத்தது, எது மறைந்தது என்பதை வடிவமைத்தவரின் கற்பனையைவிட, கையில் இல்லாத இந்தக் கருவிகளும் மருந்துகளும் எப்போது வந்துசேர்ந்தன என்பதே தீர்மானித்தது.

சார்லஸ் நியூட்டனிலிருந்து தொடங்கலாம். நியூயார்க் மாநிலத்துக்காரர், தொழிலால் வழக்கறிஞர். அவர் .25-35 உறையின் கழுத்தைச் சுருக்கி உருவாக்கிய தோட்டாவை 1912-இல் சாவேஜ் நிறுவனம் .22 ஹைபவர் என்ற பெயரில் விற்றது. 70 கிரெயின் குண்டு, அதாவது நாலரை கிராம், விநாடிக்கு 2,800 அடி. மானுக்குச் சிறியது என்று பலரும் சொன்ன அந்தக் குண்டைக் கொண்டு சீனத்தின் ஃபூஜியான் பகுதியில் ஹாரி கால்டுவெல் என்ற அமெரிக்க மிஷனரி புலிகளைச் சுட்டார். அந்தச் செய்தி விளம்பரத்துக்கு நன்றாகப் பயன்பட்டது. கால்டுவெல்லின் நிதானமான கையையும் அவர் காத்திருந்த பொறுமையையும் விளம்பரம் சொல்லவில்லை; தோட்டாவின் புகழாகவே அது பரவியது.

மூன்று ஆண்டு கழித்து அதே நிறுவனத்துக்கு நியூட்டன் இன்னொரு தோட்டாவை வடிவமைத்துக் கொடுத்தார். கால் அங்குலக் குழலுக்கு 100 கிரெயின் குண்டு, 2,800 அடி வேகம் என்பது அவருடைய யோசனை. நிறுவனத்துக்கு 3,000 என்ற முழு எண் வேண்டியிருந்தது. அன்றைய மருந்தில் 100 கிரெயின் குண்டால் அந்த வேகத்தைத் தொட முடியாது என்பதால் குண்டின் எடையை 87 கிரெயினாகக் குறைத்தார்கள். தோட்டா '.250-3000' என்ற பெயரோடு 1915-இல் வந்தது. வேட்டைக்கு எந்தக் குண்டு நல்லது என்ற கேள்விக்கு விளம்பரத் துறை விடை எழுதியது இங்குதான் முதல் முறை என்று சொல்லமாட்டேன். ஆனால் இவ்வளவு வெளிப்படையாக அது நடந்த இடம் வேறொன்றை எனக்குத் தெரியாது. வேட்டைக்காரர்கள் பிற்காலத்தில் 100 கிரெயின் குண்டுக்கே திரும்பினார்கள்.

நியூட்டனின் சொந்தக் கனவு இன்னும் பெரியது. .30 நியூட்டன், .35 நியூட்டன் போன்ற பெரிய உறைகள், பிற்காலத்தில் மேக்னம் என்று வழங்கிய அதிவேகத் தோட்டாக்களுக்கு முன்னோடிகள். 1914-இல் பஃபலோ நகரில் சொந்த நிறுவனம் தொடங்கி, ஜெர்மனியிலிருந்து மௌசர் ரைஃபிள்களை இறக்குமதி செய்ய ஏற்பாடு செய்தார். அந்த ஆண்டு ஆகஸ்டில் போர் மூண்டது. சொந்தமாக ரைஃபிள் தயாரிக்க முயன்றபோது மூலதனம் கரைந்தது. 1918-இல் நிறுவனம் கடன்காரர்கள் கைக்குப் போயிற்று. 1932-இல் அவர் இறந்தபோது அவருடைய பெரிய தோட்டாக்கள் ஏறத்தாழ மறக்கப்பட்டிருந்தன. அவ்வளவு பெரிய உறைக்கு ஏற்ற மெதுவான மருந்து அன்று சந்தையில் கிடைக்கவில்லை.

வைல்ட்கேட் பைத்தியம் பரவலானது 1930களில்தான். பொருளாதார மந்தம் நிலவிய அந்த ஆண்டுகளில் அது பரவியது வியப்பாகத் தோன்றலாம். ஆனால் புது ரைஃபிள் வாங்கக் காசில்லாதவர் இருக்கும் ரைஃபிளுக்குக் குழல் மாற்றிக்கொள்ளலாம். சுட்ட உறையில் மீண்டும் மருந்திட்டுக்கொண்டால் தோட்டாவின் செலவும் குறையும். கிழக்கு மாநிலங்களின் பண்ணைகளில் வுட்சக் என்ற பெரிய கொறிவிலங்கு புல்வெளியில் வளை தோண்டும். மாடும் குதிரையும் அதில் கால் வைத்து எலும்பு முறித்துக்கொள்ளும். விவசாயிக்கு அதைச் சுடும் ஆள் வேண்டும், ஆனால் குண்டு நிலத்தில் பட்டுத் தெறித்துப் பக்கத்துக் கொட்டகைக்குள் போய்விடக்கூடாது. வேகமான, மெல்லிய தோல் கொண்ட சிறு குண்டு மண்ணைத் தொட்டதும் சிதறிவிடும். இருநூறு கெஜத்துக்கும் முந்நூறு கெஜத்துக்கும் பாதையும் அதிகம் தாழாது. வேகத்தின் மீது இருந்த மோகத்துக்குப் பின்னால் இப்படியொரு பண்ணைக் கணக்கு இருந்ததை மறக்கக்கூடாது.

அந்த வரிசையில் முதலில் வெற்றி கண்டது .22 ஹார்னெட். கரும்புகை மருந்துக் காலத்துச் சிறு உறை ஒன்றை எடுத்து, புகையற்ற மருந்தும் புதிய குண்டும் இட்டு 1920களின் இறுதியில் சோதித்தவர்கள் மாசசூசெட்ஸின் ஸ்பிரிங்ஃபீல்டு ஆயுதச்சாலையோடு தொடர்புடையவர்கள்: டவுன்சென்ட் வீலன், ஜி. எல். வாட்கின்ஸ் முதலியோர். அரசாங்கக் கட்டடத்துக்குள் ஓய்வு நேர ஆசையாக நடந்த வேலை அது. 1930-இல் வின்செஸ்டர் தோட்டாவை விற்கத் தொடங்கியபோது அதற்கென்று ஒரு தொழிற்சாலை ரைஃபிள்கூட இல்லை. ரைஃபிள் வர இரண்டு ஆண்டு போல ஆயிற்று.

வாட்கின்ஸ் அதோடு நிற்கவில்லை. .250-3000 உறையின் கழுத்தை .22-ஆகச் சுருக்கி 'ஸ்விஃப்ட்' என்று ஒன்றைச் சோதித்தார். வின்செஸ்டர் அந்த யோசனையில் ஆர்வம் காட்டியது. ஆனால் 1935-இல் .220 ஸ்விஃப்ட் சந்தைக்கு வந்தபோது உள்ளே இருந்தது வேறு உறை. 1890களில் அமெரிக்கக் கடற்படை பயன்படுத்திய 6 மில்லிமீட்டர் லீ தோட்டாவினுடையது. வாட்கின்ஸுக்குப் பெயர்கூட மிஞ்சவில்லை. ஒரு சிறு விவரம் கவனிக்கத்தக்கது. லீ உறையின் உடல் மௌசர் குடும்பத்தைவிட ஒல்லி. அப்படியும் வின்செஸ்டர் அடிவிளிம்பை மட்டும் 0.473 அங்குலத்துக்கு அகலமாக்கி வைத்தது, ஏற்கெனவே இருக்கும் போல்ட் அதைப் பிடிக்க வேண்டுமே! 48 கிரெயின் குண்டு விநாடிக்கு 4,110 அடி போயிற்று. தொழிற்சாலைத் தோட்டா எதுவும் அதுவரை அந்த வேகத்தைக் கண்டதில்லை. அந்த வேகத்துக்கு விலையும் இருந்தது: சூடான வாயு பாய்ந்து பாய்ந்து குழலின் தொடக்கப்பகுதி சீக்கிரம் அரித்துப் போனது. 1964-இல் தன் மாடல் 70 ரைஃபிளை மாற்றியமைத்தபோது வின்செஸ்டரே ஸ்விஃப்டைக் கைவிட்டது.

வாட்கின்ஸின் பழைய யோசனையை விடாமல் பிடித்தவர்கள் ஜே. இ. கெபியும் ஜே. புஷ்னெல் ஸ்மித்தும். 1937 வாக்கில் அவர்கள் செம்மைப்படுத்திய வடிவத்துக்கு 'வார்மின்டர்' என்று கெபி வணிகப் பெயர் பதிந்துகொண்டார். மற்றப் பட்டறைக்காரர்கள் அந்தப் பெயரைப் பயன்படுத்த முடியாமல் .22-250 என்றே விற்றார்கள், அதுவே நிலைத்தது. கால் நூற்றாண்டுக்கும் மேலாக அது பட்டறைத் தோட்டாவாகவே இருந்து, ஸ்விஃப்டைவிடச் சற்றுக் குறைந்த வேகத்தில், குழலுக்கு நீண்ட ஆயுளும் நல்ல துல்லியமும் தந்து பெயர் வாங்கியது. 1963-இல் பிரவுனிங் நிறுவனம் துணிந்து அதற்கு ரைஃபிள் விற்கத் தொடங்கியது, கடையில் தோட்டா இல்லாமலே. ஹார்னெட்டுக்குத் தோட்டா முந்தியது, இதற்கு ரைஃபிள் முந்தியது. 1965-இல் ரெமிங்டன் தோட்டாவைத் தன் பெயரில் ஏற்றுக்கொண்டது. ஸ்விஃப்ட் ஒதுங்க, வாட்கின்ஸ் முதலில் தேர்ந்தெடுத்த உறையே இறுதியில் வென்றது.

காத்திருப்பு என்று பார்த்தால் .25-06 இன்னும் நெடியது. .30-06 உறையின் கழுத்தை கால் அங்குலத்துக்குச் சுருக்குவதைவிட எளிய யோசனை இருக்க முடியாது. ஏ. ஓ. நீட்னர் என்ற துப்பாக்கி வடிவமைப்பாளர் 1920 வாக்கிலேயே அதைச் செய்துவிட்டார். ரெமிங்டன் அதை விற்றது 1969-இல். இடைப்பட்ட 49 ஆண்டுகளில் என்ன நடந்தது? பெரிய உறை, குறுகிய குழல் என்ற சேர்க்கையில் மருந்து வேகமாக எரிந்தால் குண்டு நகர்வதற்குள் அழுத்தம் உச்சத்துக்கு ஏறிவிடும். உறையை முழுதும் நிரப்பிப் பயன்படுத்த மெதுவாக எரியும் மருந்து வேண்டும். நீட்னர் காலத்தில் அப்படிப்பட்ட மருந்து அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

அது கிடைத்தது இரண்டாம் உலகப் போரின் மிச்சமாக. கான்சாஸ் மாநிலத்துக்காரரான புரூஸ் ஹாட்ஜ்டன், போர் முடிந்ததும் அரசாங்கம் எரித்துவிடவிருந்த உபரி மருந்தை மொத்தமாக வாங்கினார். பழைய சரக்கு ரயில் பெட்டியில் சேமித்து, பத்திரிகை விளம்பரத்தின் வழியே சிறுகச் சிறுக விற்றார். முதலில் ரைஃபிள் மருந்தான 4895. பிறகு வந்த 4831, 20 மில்லிமீட்டர் பீரங்கித் தோட்டாவுக்காகச் செய்யப்பட்டது. பீரங்கிக்கான அந்த மெதுவான மருந்து, பெரிய உறையும் சிறு குண்டும் கொண்ட வைல்ட்கேட்களுக்கு அளவெடுத்ததுபோல் பொருந்தியது. விலையோ மிகக் குறைவு. 1950களில் பெருகிய 'புதிய' தோட்டாக்களில் பல, வடிவத்தில் முன்பே இருந்தவை. மருந்து வந்ததும் உயிர் பெற்றன. வடிவமைத்தவர்களுக்குப் போன புகழில் ஒரு பங்கு ஹாட்ஜ்டனின் ரயில் பெட்டிக்குப் போயிருக்க வேண்டும்.

வேகத்தை வணிகமாக்கியவர் ராய் வெதர்பி. தெற்குக் கலிஃபோர்னியாவில் காப்பீட்டு வேலை பார்த்துக்கொண்டிருந்தவர், 1945-இல் துப்பாக்கிக் கடை திறந்தார். இங்கிலாந்தின் ஹாலண்ட் அண்ட் ஹாலண்ட் நிறுவனத்தின் .300 மேக்னம் உறையை விரித்து, தோளில் இரட்டை வளைவு வைத்து .300 வெதர்பியை உருவாக்கினார். 12 மில்லிமீட்டர் குடும்பத்துக்கு வெளியே உள்ள இரண்டாவது பெரிய குடும்பம் இந்த ஆங்கில உறையினுடையது, அடிவிளிம்பு 0.532 அங்குலம். வெதர்பியின் சாமர்த்தியம் பளபளப்பான கட்டையிலும் ஹாலிவுட் வாடிக்கையாளர்களிலும் மட்டும் இல்லை. ஸ்வீடனின் நார்மா தொழிற்சாலையிடம் தன் பெயர் பொறித்த தோட்டாக்களைச் செய்யச் சொன்னார். அப்போதே அவை வைல்ட்கேட் நிலையைக் கடந்துவிட்டன.

வெதர்பிக்கு நேர் எதிரான குணம் பார்க்கர் ஆக்லிக்கு. 1903-இல் பிறந்தவர். ஓரிகானில் பட்டறை வைத்திருந்தார். போருக்குப் பின் கொலராடோவின் டிரினிடாட் நகரில் குழல் தயாரிப்போடு துப்பாக்கித் தொழில் கற்பிக்கும் கல்லூரி வகுப்பையும் நடத்தினார். 'ஆக்லி இம்ப்ரூவ்டு' என்று வழங்கும் வரிசை அவருடையது: உடலின் சரிவைக் குறைத்து, தோளை 40 பாகைக்கு நிமிர்த்துவார். இதில் ஒரு நயம் உண்டு. பழைய தொழிற்சாலைத் தோட்டாவையும் அதே அறையில் சுடலாம். சுட்டதும் அது புது வடிவுக்கு வந்துவிடும். காட்டில் தோட்டா தீர்ந்துபோன வேட்டைக்காரர் பக்கத்து ஊர்க் கடையில் வாங்கிக்கொள்ளலாம்.

ஆக்லியை நான் மதிப்பது அவர் வடிவங்களுக்காக அல்ல, அவர் செய்த நாசவேலைகளுக்காக. போரில் கைப்பற்றி வந்த ஜப்பானிய அரிசாகா ரைஃபிள் மட்டமான சரக்கு என்று அமெரிக்கர்கள் நம்பியிருந்த காலத்தில், பல நாட்டு ரைஃபிள்களை வரிசையாக வைத்து, உடையும்வரை மருந்தைக் கூட்டிச் சுட்டுப் பார்த்தார். கடைசிவரை தாங்கியது அரிசாகா. இன்னொரு சோதனையில் வின்செஸ்டர் 94 என்ற லீவர் ரைஃபிளின் .30-30 அறையைத் தன் வடிவுக்குக் குடைந்துவிட்டு, போல்ட்டைப் பூட்டும் துண்டையே அகற்றிவிட்டுச் சுட்டார். உறை பின்னால் பாயவில்லை. சரிவு குறைந்த உறை அறைச் சுவரை இறுகப் பற்றிக்கொள்வதால் போல்ட்டின் மீது விழும் சுமை குறைகிறது என்பது அவர் எடுத்த முடிவு. முடிவில் உண்மை உண்டு. ஆனால் .30-30 மிதமான அழுத்தத்தில் இயங்கும் தோட்டா. அந்த முடிவை நவீன ரைஃபிள்களின் உயர் அழுத்தத்துக்கு அப்படியே நீட்டிய அவருடைய சீடர்கள், அவரிடமிருந்த எச்சரிக்கையைக் கற்றுக்கொள்ளவில்லை.

1962-இல் அவர் வெளியிட்ட கையேட்டில் பல வைல்ட்கேட்களைப் பற்றி, தன்னுடையவை உட்பட, இரக்கமில்லாமல் எழுதினார். அவருடைய மிகப் பிரபலமான படைப்பு ஒரு வேடிக்கை: .22 இயர்கெஸ்பிளிட்டன் லவுடன்பூமர். காதைப் பிளக்கும் சத்தத்தைப் போலி ஜெர்மனில் கிண்டல் செய்யும் பெயர். யானைக்கான .378 வெதர்பி உறையின் கழுத்தை .22-க்குச் சுருக்கி விநாடிக்கு 5,000 அடியைத் தாண்ட முடியுமா என்று பார்த்தார். 50 கிரெயின் குண்டு 4,600 அடி அளவிலேயே நின்றுவிட்டது. வேடிக்கைக்குள் ஒரு பாடம் இருந்தது. அந்தத் தோட்டாவில் மருந்தின் எடை குண்டின் எடையைப் போல ஏறத்தாழ இரு மடங்கு. எரிந்து வாயுவாகும் மருந்தும் எடை உள்ள பொருள்தான். அதையும் குழல் வழியே தள்ளியாக வேண்டும். மருந்தைக் கூட்டக் கூட்ட, கூட்டிய மருந்தைத் தள்ளுவதிலேயே ஆற்றல் செலவாகிறது.

இதே கணக்கு சாதாரண உறைகளுக்கும் உண்டு. அழுத்தம் மாறாமல் இருந்தால், உறையின் கொள்ளளவு எந்த விகிதத்தில் கூடுகிறதோ அதில் கால் பங்குதான் வேகம் கூடும் என்பது, குழலுக்குள் நடப்பதை ஆராயும் உள்ளெறிவியலில் நன்கு பழகிய தோராய விதி. கொள்ளளவு 10 விழுக்காடு கூடினால் வேகம் இரண்டரை விழுக்காடு. 2,800 அடியில் அது 70 அடி. ஆனால் 1930களிலும் 40களிலும் தோளைச் சற்று நிமிர்த்தியதும் 200, 300 அடி கூடிவிட்டதாக எழுதியவர்கள் ஏராளம். அவர்கள் எல்லோரும் பொய் சொன்னார்கள் என்று நான் நினைக்கவில்லை. சிலர் வேகத்தை அளக்கவே இல்லை, குண்டு எவ்வளவு தாழ்ந்தது என்பதைப் பார்த்து ஊகித்தார்கள். மற்றவர்களுக்கு உண்மையாகவே வேகம் கூடியது. ஆனால் அதைத் தந்தது புது வடிவம் அல்ல, தாய்த் தோட்டாவில் யாரும் துணியாத அளவு அழுத்தம். அளவுக்கு மீறிய அழுத்தத்தைத் தாய்த் தோட்டாவில் வைத்தாலும் அதே வேகம் வந்திருக்கும்.

வேகத்தை அளக்கும் கருவி இல்லாமல் இல்லை. பெல்ஜியப் படை அதிகாரி லெ பூலாஞ்சே 1860களில் உருவாக்கிய மின்காந்தக் கருவி ஆயுதச்சாலைகளிலும் பெரிய நிறுவனங்களின் ஆய்வகங்களிலும் இருந்தது. பட்டறைக்காரருக்கு அது எட்டாக் கனி. அழுத்தத்தை அளப்பது அதைவிடக் கடினம்: அறைச் சுவரில் துளையிட்டு, சிறு செம்பு உருளை எவ்வளவு நசுங்குகிறது என்று பார்க்க வேண்டும். அந்த முறைகூட உண்மையான உச்ச அழுத்தத்தைக் குறைத்தே காட்டியது என்பது பீசோமின் உணரிகள் வந்த பிறகே தெளிவானது. பட்டறையில் இருந்த ஒரே அளவுகோல், சுட்ட உறையைக் கையில் எடுத்துப் பார்ப்பது: மருந்தைப் பற்றவைக்கும் பிரைமர் தட்டையாகிவிட்டதா, போல்ட் திறக்க மறுக்கிறதா என்று. இந்த அடையாளங்கள் தோன்றும்போது எல்லை பெரும்பாலும் கடந்திருக்கும். 1960களின் பிற்பகுதியிலிருந்து மலிவான மின்னணு வேகமானிகள் வீடுகளுக்கு வந்தன. அதன் பிறகு வெளியான வைல்ட்கேட் கட்டுரைகளில் எண்கள் அடங்கிப்போனதைப் பழைய இதழ்களைப் புரட்டுகிறவர் எவரும் காணலாம்.

நிறுவனங்களிடம் எல்லாக் கருவிகளும் இருந்தும் அவையும் சறுக்கின. 1955-இல் இரண்டு 6 மில்லிமீட்டர் தோட்டாக்கள் ஒரே நேரத்தில் சந்தைக்கு வந்தன. இரண்டுக்கும் வேர் வைல்ட்கேட்களில் இருந்தது. வாரன் பேஜ் என்ற பத்திரிகையாளர் .308 உறையைச் சுருக்கிச் செய்த சோதனையின் தொடர்ச்சி வின்செஸ்டரின் .243. ஃபிரெட் ஹன்டிங்டன் 7×57 குடும்பத்து உறையில் செய்ததன் தொடர்ச்சி ரெமிங்டனின் .244. உறையாகப் பார்த்தால் .244 சற்றுப் பெரியது. ஆனால் அதன் குழலுக்குள் குண்டைச் சுழற்றும் புரி 12 அங்குலத்துக்கு ஒரு சுற்று. வின்செஸ்டர் வைத்தது 10 அங்குலத்துக்கு ஒரு சுற்று. குண்டு நீளமாக நீளமாக, அது தலைகீழாகாமல் பறக்க வேகமான சுழற்சி வேண்டும். கணித அறிஞர் கிரீன்ஹில் பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே இதற்குச் சூத்திரம் தந்திருந்தார். ரெமிங்டன் தன் தோட்டாவைச் சிறு விலங்குகளுக்கு என்று நினைத்து 90 கிரெயினோடு நிறுத்திக்கொண்டது. வாங்குபவர்களோ மானுக்கும் உதவும் 100 கிரெயின் குண்டைக் கேட்டார்கள். 1963-இல் புரியை 9 அங்குலமாக்கி, பெயரையும் 6மிமீ ரெமிங்டன் என்று மாற்றியும் இழந்த சந்தை மீளவில்லை. உறையின் வடிவத்தைப் பற்றி ஆயிரம் பக்கங்கள் விவாதித்த ஒரு துறையில் வெற்றியைத் தீர்மானித்தது குழலின் இரண்டு அங்குல வேறுபாடு.

தோட்டாவின் வடிவைச் சட்டமும் மாற்றியிருக்கிறது. அங்கே இந்தியாவுக்கு நேரடித் தொடர்பு உண்டு. மார்ட்டினி-ஹென்றி ரைஃபிள்கள் கலகக்காரர் கைகளில் இருந்ததால், இருபதாம் நூற்றாண்டின் முதல் பத்தாண்டில் பிரிட்டிஷ் அரசு இந்தியாவிலும் சூடானிலும் தனியாருக்கு .450 காலிபர் தோட்டாக்களைத் தடை செய்தது. உடனே லண்டன் துப்பாக்கி நிறுவனங்கள் .465, .470, .475 என்று சட்டத்தின் விளிம்பைத் தாண்டிய புதிய யானைத் தோட்டாக்களை வரிசையாகக் கொண்டுவந்தன. .470-ஐ விலங்கியல் தேவை எதுவும் கேட்கவில்லை, அரசாணைதான் கேட்டது. படைத் தோட்டாவான .303-க்கும் தனியாருக்குத் தடை இருந்ததால், ஆஸ்திரியாவின் பழைய 8 மில்லிமீட்டர் மான்லிஹர் தோட்டாவை ஏற்கும் .315 ரைஃபிள்கள் இந்தியச் சந்தைக்கென்று செய்யப்பட்டன. விடுதலைக்குப் பிறகும் அரசு ஆயுதத் தொழிற்சாலைகள் அதைத் தொடர்ந்தன. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸிலும் படைக் காலிபர்களுக்குக் கட்டுப்பாடு இருந்தது; .303 உறையின் கழுத்தைக் கால் அங்குலத்துக்குச் சுருக்கிய .303/25 அங்கே செழித்தது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின்படி இந்தியாவில் தோட்டா தயாரிக்கவும் ஆயுதத்தை மாற்றியமைக்கவும் தனி உரிமம் வேண்டும். அமெரிக்க வகைப் பட்டறை வைல்ட்கேட்காரர் இங்கே உருவாக வழியில்லை. அமெரிக்காவிலிருந்த அந்தத் தாராளத்தை இயல்பான நிலை என்று எடுத்துக்கொள்ளவும் முடியாது. ஐரோப்பாவின் பல நாடுகளில் ஒவ்வொரு ரைஃபிளும் அரசு அங்கீகரித்த சோதனைக்கூடத்தில் அழுத்தச் சோதனைக்கு உள்ளாகியே விற்பனைக்கு வர வேண்டும்.

12 மில்லிமீட்டர் விதியை மீறி வென்ற வைல்ட்கேட் ஒன்று உண்டு, அது வேகத்தை நாடாதது. 1970களின் நடுவில் லூ பால்மிசானோ என்ற மருத்துவரும் ஃபெரிஸ் பின்டெல் என்ற கருவி நிபுணரும் .220 ரஷ்யன் உறையை எடுத்தார்கள். அந்த உறையோ சோவியத் ஏகே ரைஃபிளின் 7.62×39 தோட்டாவிலிருந்து, ஓடும் மான் வடிவ இலக்குப் போட்டிக்காகச் சுருக்கப்பட்டது. பனிப்போரின் நடுவே, பின்லாந்தில் தயாரான பித்தளையாக அது அமெரிக்கர் கைக்கு வந்தது. குட்டையான, பருத்த உடல், சிறிய பிரைமர், அதன் தீ உள்ளே போகும் துளையும் சிறியது. மருந்து ஒவ்வொரு முறையும் ஒரே மாதிரி எரிவதே நோக்கம். 6மிமீ பிபிசி என்ற அந்தத் தோட்டா, மேசை மேல் ரைஃபிளைத் தாங்கி வைத்து ஐந்து குண்டுகளை ஒரே துளைக்குள் அனுப்ப முயலும் பெஞ்ச்ரெஸ்ட் போட்டிகளில் அடுத்த பல பத்தாண்டுகளுக்கு அசைக்க முடியாததாயிற்று. 60 ஆண்டு வேக ஓட்டத்தில் எந்த வைல்ட்கேட்டும் தன் துறையை இப்படி முழுதாகக் கைப்பற்றியதில்லை.

6.5 கிரீட்மூரை இந்த வரிசையில் வைல்ட்கேட் என்று சேர்க்க முடியாது. அது தொழிற்சாலையிலேயே பிறந்தது. ஆனால் அதைக் கேட்டவர் டெனிஸ் டிமில் என்ற துப்பாக்கிச் சுடும் போட்டியாளர். சக போட்டியாளர்கள் பயன்படுத்திய வைல்ட்கேட்களில் உறை செய்வதும் மருந்துக் கணக்குத் தேடுவதும் பெரும்பாடாக இருப்பதை அவர் ஹார்னடியின் டேவ் எமரியிடம் முறையிட்டார். எமரியின் குழு மிதமான கொள்ளளவும், நீண்ட மெலிந்த குண்டும், 8 அங்குலத்துக்கு ஒரு சுற்றுப் புரியும் கொண்ட தோட்டாவைத் தந்தது. எந்த மருந்து, எவ்வளவு என்பதைத் தோட்டாப் பெட்டியின் மேலேயே அச்சிட்டது. வைல்ட்கேட்காரர்கள் தங்களுக்குள் அடித்துத் திருத்திக் கண்டுபிடிக்க வேண்டியிருந்ததை நிறுவனம் முதல் நாளே கையில் கொடுத்துவிட்டது. இந்தத் தோட்டாவின் வேகம் 1915-இல் சாவேஜின் விளம்பரத் துறையில் இருந்தவரை மகிழ்வித்திருக்காது.

ஆக்லியின் வரிசையில் முதலில் அதிகாரபூர்வ அளவு பெற்றது .280 இம்ப்ரூவ்டு. நாஸ்லர் நிறுவனத்தின் முயற்சியால் 2007 வாக்கில், 1926 முதல் இயங்கும் அமெரிக்கத் தர அமைப்பான சாமி அதை ஏற்றது. அதற்குள் அரை நூற்றாண்டாகப் பல பட்டறைகள் தத்தம் ரீமர்களால் இந்த அறையைக் குடைந்திருந்தன. அவற்றில் தோள் அமையும் இடத்துக்கும் புதிய அளவுக்கும் சிறு வேறுபாடு இருந்தது, தோட்டா தளர்வாகவோ இறுக்கமாகவோ உட்காரப் போதுமான அளவு. ஆகவே பழைய .280 ஆக்லி வைத்திருப்பவர் இன்று கடையில் அதே பெயருள்ள தோட்டாவை வாங்குவதற்கு முன், தன் குழலை எந்த வரைபடத்தின்படி குடைந்தார்கள் என்று பட்டறைக்காரரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.